பழனி மலை நடைக்கு வழித்தீனி தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரியகுளத்துச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், கும்பக்கரையிலிருந்து வெள்ளக்கவி வழியாக மேலேறும் பழைய ஒற்றையடிப் பாதையில் நடப்பவர், காலையில் வியர்வை சொட்டத் தொடங்கி, மாலையில் மூடுபனிக்குள் கம்பளிச் சட்டையைத் தேடுகிறார். அடிவாரத்தில் உருகிப் பைக்குள் ஒட்டிக்கொள்ளும் பண்டம் உச்சியில் கல்லாகிவிடும். ஆகவே அதிகச் சத்துள்ளது எது என்று கேட்பதைவிட, செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, வறண்ட வாய்க்குள், நடை நிற்காமல் இறங்கக்கூடியது எது என்று கேட்பதே மலையேறுபவருக்கு உதவும். பிரிக்கப்படாமல் பையிலேயே திரும்பிவரும் பொட்டலத்தில் எத்தனை கலோரி இருந்தாலும் அது வெறும் சுமைதான்.

இன்னொரு கட்டுப்பாட்டையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் இறுகின. வனத்துறையின் அனுமதி பெற்றே காப்புக்காட்டுப் பாதைகளில் நடக்க முடியும். பிப்ரவரி முதல் மழை பிடிக்கும் வரை காய்ந்த புல்வெளிகள் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும். எனவே இங்கே பேசப்போகும் தீனி அனைத்தும் சமைக்கவோ சூடாக்கவோ தேவையில்லாமல் கையிலெடுத்த நிலையிலேயே உண்ணத்தக்கவை.

முதல் படி: பாதையை மணிக்கணக்கில் அளத்தல்

தீனியின் அளவை முடிவு செய்வது கிலோமீட்டர் அல்ல, கால் நடந்துகொண்டிருக்கும் நேரம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் என்ற மலையேறி 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அடிவாரத்திலிருந்து கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் வரை ஏறக்குறைய 1,600 மீட்டர் ஏற வேண்டும் என்றால், அந்த ஏற்றம் மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். தூரத்துக்கான நேரம் தனி. அவருடைய கணக்கு குளிர்ந்த நாட்டுக்கும் பழகிய கால்களுக்கும் உரியது. நம் அடிவார வெயிலில், முதுகுப்பையோடு, குழுவாக நடக்கும்போது கிடைத்த விடையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பெருமாள்மலை போன்ற அரைநாள் ஏற்றத்துக்கும் இப்படிப்பட்ட முழுநாள் நடைக்கும் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போவதில் பொருளில்லை.

இரண்டாம் படி: அளவைக் கணக்கிடுதல்

நம் உடல், தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து, 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருவதால், இது 1,600 முதல் 2,000 கலோரி வரையிலான கையிருப்பு. அறுபது எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் பையுடன் மலையேறும்போது மணிக்கு 400 முதல் 500 கலோரி வரை செலவழிக்கக்கூடும். செலவு முழுவதும் கிளைகோஜனிலிருந்து போவதில்லை, கொழுப்பும் எரிகிறது. ஆனால் ஏற்றம் செங்குத்தாக ஆக, உடல் மாவுச்சத்தையே அதிகமாக நாடுகிறது. கையிருப்பு வற்றும்போது கால் தள்ளாடும், எரிச்சல் வரும், எங்கே கால் வைப்பது என்ற கவனம் சிதறும். மலையில் இந்தக் கவனச் சிதறலே பசியைவிட ஆபத்தானது.

செலவழிந்த அனைத்தையும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறு அதற்கு இடம் கொடுக்கவும் செய்யாது. நீண்ட நேர உழைப்பின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து போதும் என்பது விளையாட்டு உணவியலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கொஞ்சம் கொழுப்பும் புரதமும் சேர்த்து மணிக்கு 200 கலோரி என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேர நடைக்கு 1,200 கலோரி ஆகிறது. வழி தவறினாலோ, ஒருவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டு குழு முழுவதும் தாமதமானாலோ உதவ, மேலும் 400 கலோரியைத் தொடக்கூடாத இருப்பாக வைக்க வேண்டும். இந்த 1,600 கலோரியைக் கடலை, வெல்லம், எள் போன்ற உலர்ந்த பண்டங்களாக எடுத்தால் ஏறக்குறைய 350 கிராம் எடையில் முடிந்துவிடும். வாழைப்பழமாக மட்டும் எடுத்தால் தோலோடு இரண்டு கிலோவைத் தாண்டும்.

மூன்றாம் படி: பண்டங்களைத் தேர்ந்தெடுத்தல்

நமக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவை பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி ஆகிய ஊர்களின் மளிகைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. குறையை அறிந்து எடுப்பதே தேர்வு.

கடலைமிட்டாய்தான் முதலில் எடுக்க வேண்டியது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ, தெருமுனைக் கடையில் கண்ணாடிச் சாடியில் இருப்பதோ, நூறு கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி தரும். வெல்லம் விரைவாகவும் கடலை மெதுவாகவும் செரிப்பதால், ஒரே துண்டு உடனடி வலுவையும் பின்வரும் ஒரு மணி நேரத்துக்கான ஆதாரத்தையும் தருகிறது. குறை இரண்டு. குளிரில் அது மிகவும் கெட்டிப்படும். பல் வலி உள்ளவர் டிசம்பர் காலைப் பனியில் அதைக் கடிக்க முயல வேண்டாம். மூடுபனியில் திறந்து வைத்தால் வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசியும். இரண்டுக்குமான தீர்வை அடுத்த படியில் காணலாம். எள்ளுருண்டைக்கும் இதே குணங்கள்தாம், ஆனால் கொழுப்பு சற்று அதிகம் என்பதால் ஏற்றத்தைவிட ஓய்விடத்துக்கு ஏற்றது. பொரிவிளங்காய் உருண்டை பல நாள் கெடாது, சத்தும் அதிகம். எனினும் நடந்துகொண்டே அதை உண்பது தாடைக்குத் தண்டனை. உடைத்துத் தூளாக்கி எடுத்துச் சென்றால் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

பேரீச்சம்பழம் நூறு கிராமுக்கு 280 கலோரி அளவில்தான் தரும், ஆனால் வறண்ட வாயிலும் எளிதாக இறங்கும். கொட்டையை வீட்டிலேயே நீக்கிவிட்டு உள்ளே ஒரு பாதாம் பருப்பை வைத்து மூடினால் கலோரியும் கூடும், காட்டில் கொட்டை துப்பும் வேலையும் இல்லை. உலர்திராட்சையும் அத்திப்பழமும் இதே வகை. நார்ச்சத்து மிகுந்தவை என்பதால், பழக்கமில்லாதவர் அளவு மீறினால் வயிறு உப்பி, பாதையோரத்தில் சங்கடப்பட நேரும்.

மலைவாழை இந்தப் பகுதிக்கே உரிய செல்வம். விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. சமவெளி ரகங்களைவிடச் சதையில் ஈரம் குறைவு, வாசனை அதிகம், சிறியவை. நடையின் முதல் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிட வயிற்றுக்கு இதமான உணவு வேறில்லை. பிற்பகல்வரை வைத்திருந்தால் நசுங்கி, பையிலிருக்கும் எல்லாவற்றையும் தன் வாசனைக்கு மாற்றிவிடும். ஆகவே ஆளுக்கு இரண்டு பழம், அதையும் முதலில் தீர்த்துவிட வேண்டும்.

பஞ்சாமிர்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து செய்வதால் அது நாள்பட இருக்கிறது. 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓட்டப் பந்தய வீரர்கள் பயன்படுத்தும் ஜெல் பொட்டலம் ஒன்றில் 20 முதல் 25 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். அந்த வேலையைச் செய்ய நமக்கு ஒரு பெரிய கரண்டிப் பஞ்சாமிர்தம் போதும், மெல்லவும் வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தைமுதல் பல் போன பெரியவர்வரை யாரும் உண்ணலாம். இறுக மூடும் சிறிய டப்பாவில் கரண்டியோடு எடுத்துச் செல்வது முக்கியம், ஏனெனில் கையில் ஒட்டினால் கழுவத் தண்ணீர் வீணாகும். பிரசாதத்தைச் செருப்புக் காலோடு நடந்துகொண்டே உண்பதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அதே பொருள்களை வாங்கி வீட்டிலேயே பிசைந்துகொள்ளலாம். (வெள்ளக்கவி ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்பதால், அங்கே நுழையும் முன் எல்லோருமே செருப்பைக் கழற்றத்தான் வேண்டும்.)

கொடைக்கானல் கடைவீதியில் குவிந்திருக்கும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் நூறு கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் தரும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும் என்பதால், அடிவாரத்திலிருந்து ஏறுபவருக்கு அது உதவாது. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் மேட்டுநிலத்திலேயே தொடங்கி முடியும் நடைக்கு நன்றாகப் பொருந்தும். பேரிக்காயும் பிளம்ஸும் தாகம் தீர்க்கும் பழங்கள். வழியில் கிடைத்தால் உண்ணலாம், முதுகில் சுமக்க வேண்டாம்.

இனிப்பையே திரும்பத் திரும்ப உண்டால் மூன்றாம் மணி நேரத்தில் நாக்கு மறுத்துவிடும். இதைக் கணக்கில் கொள்ளாமல் கடலைமிட்டாயாகவே அடுக்கிக்கொண்டு வருபவர்கள்தாம் பிற்பகலில் உண்ணாமல் நடந்து சோர்கிறார்கள். ஆகவே மொத்தத் தீனியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உப்பும் காரமும் இருக்க வேண்டும். உப்புக்கடலை, வறுத்த பொட்டுக்கடலை, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வறுத்த அவல், முந்திரி, கெட்டிப் பாலாடைக்கட்டித் துண்டுகள் ஆகியவை இந்த இடத்தை நிரப்பும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைச் சீவி வறுத்து இந்தக் கலவையில் சேர்த்தால் சுவை தனி. ஒரே கூடாரத்தில் படுக்கப் போகிறவர்கள் எல்லோரும் உண்பது நியாயம். முறுக்கும் சிப்ஸும் கலோரியில் குறைந்தவையல்ல, ஆனால் இடத்தை அடைத்து, பையில் நொறுங்கித் தூளாகிவிடும்.

மதிய ஓய்வுக்கு என்று ஒரே ஒரு முழு உணவை வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, அதே நாளுக்குள் உண்பதாக இருந்தால், புளியோதரைக்கு அடுத்தபடியாக நம்பத்தக்கது. தேங்காய்ச் சட்னியை எடுக்கவே கூடாது. அடிவார வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

கடையில் விற்கும் எனர்ஜி பார்களை ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. வாங்கும்முன் உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இடத்தில் சர்க்கரைப்பாகு இருந்தால், அதைவிடக் கடலைமிட்டாயே மேல். சர்க்கரை சேர்க்கவில்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் சிலவற்றில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். அது வயிற்றைக் கலக்கும் தன்மையுடையது. கழிப்பறை இல்லாத மலையில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: வீட்டில் ஒரு மென்துண்டு செய்தல்

கடலைமிட்டாயின் வலிமையை வைத்துக்கொண்டு அதன் கடினத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், வெல்லம் 200 கிராம், ஒரு தேக்கரண்டி நெய், சிறிது சுக்குத்தூள், ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு ஆகியவை தேவை.

வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பிலேற்ற வேண்டும். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்தால் விரல்களுக்கிடையே உருண்டு நிற்க வேண்டும். அந்த உருட்டுப் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். தட்டில் போட்டால் சத்தம் கேட்கும்வரை காய்ச்சினால் அது கடைக் கடலைமிட்டாயின் பதம், மேலே போனதும் கல்லாகிவிடும். இறக்கிய பாகில் நெய்யையும் மற்றவற்றையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, தட்டையான அடிப்பாகமுள்ள தம்ளரால் அழுத்தி, சூடு ஆறும் முன் 25 கிராம் அளவுள்ள துண்டுகளாக வெட்டலாம். ஏறத்தாழ 22 துண்டுகள் வரும். ஒவ்வொன்றும் 115 கலோரி தரும். இந்தப் பதம் சற்றே ஒட்டும் என்பதால், பொட்டுக்கடலையை மாவாக்கித் துண்டுகளின் மேல் தூவிப் புரட்ட வேண்டும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் இருக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீரும் உப்பும்

உலர்ந்த தீனி தண்ணீர் கேட்கும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர், கோடையில் மூன்று லிட்டர் தேவை. ஓடை நீரைக் காய்ச்சவோ வடிகட்டவோ செய்யாமல் குடிக்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் பல ஓடைகள் வற்றியும் கிடக்கும். வியர்வையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போவதுண்டு. இதை ஈடுகட்டத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துசெல்லும் பாதயாத்திரைக்காரர்களுக்கு வழியில் வழங்கப்படும் பானகத்தையே சிறிது மாற்றிப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சையின் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சுக்கு போதும். கோயிலில் தரும் இனிப்பு அளவு இதைவிட மிகுதி; அந்த அடர்த்தியில் நடையின்போது குடித்தால் வயிற்றில் தங்கிக் குமட்டும். கரைத்துவைத்த பானகம் வெயிலில் விரைவில் புளிக்கும் என்பதால், வெல்லத்தூளையும் உப்பையும் சுக்கையும் பொட்டலமாகவும் எலுமிச்சையை முழுதாகவும் எடுத்துச் சென்று, தேவைப்படும்போது அரை லிட்டராகக் கரைப்பது பாதுகாப்பு.

ஆறாம் படி: கட்டுதலும் காத்தலும்

தீனியைப் பண்டவாரியாகக் கட்டாமல் மணிவாரியாகக் கட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பொட்டலம். அதனுள் ஒரு இனிப்பு, ஒரு காரம், மொத்தம் 45 முதல் 50 கிராம். இருப்புப் பொட்டலத்தைத் தனி நிறத் துணியில் முடிந்து பையின் அடியில் வைத்துவிடலாம். அடுத்த பொட்டலம் எப்போதும் இடுப்புப் பையில் இருக்க வேண்டும்; முதுகுப்பையை இறக்கித்தான் எடுக்க முடியும் என்றால் யாரும் எடுப்பதில்லை.

உறைக்கு வாட்டிய வாழையிலை, பட்டர் பேப்பர், சிறு துணிப்பை ஆகியவை போதும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கொடைக்கானலில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. கடையில் வாங்கியவற்றின் பளபளப்பான உறைகளை வீட்டிலேயே பிரித்து எறிந்துவிட்டு வந்தால், மழையில் நனைந்த விரல்களால் அவற்றைக் கிழிக்கப் போராட வேண்டியதும் இல்லை. பழத்தோலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். மேட்டுக் குளிரில் அது எளிதில் மக்காது. அதற்குள் குரங்குகள் அதைத் தின்று, மனிதர் வரும் பாதையில் காத்திருக்கப் பழகிவிடும். நாட்டுக் குரங்கு கண்ணால் கண்ட பொட்டலத்தைப் பறிக்கும். அதன் முன் டப்பாவைத் திறக்கக் கூடாது. காட்டெருமை நிற்கும் புல்வெளியோரத்தில் உண்ண உட்காரவும் கூடாது. யானை நடமாடும் கீழ்ச்சரிவுகளுக்குப் பழுத்த பலாச்சுளையை எடுத்துச் செல்வதை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன், அதன் வாசனை வெகுதூரம் போகும்.

ஏழாம் படி: உண்ணும் நேரம்

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லியோ பொங்கலோ உண்டிருக்க வேண்டும். நடக்கத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முதல் வாய். அதன்பின் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முக்கால் மணிக்கொருமுறை இரண்டு வாய். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எல்லோரையும் உண்ண வைக்கும் பொறுப்பை ஏற்பது நல்லது. செங்குத்தான ஏற்றத்துக்கு முன் பேரீச்சை, பஞ்சாமிர்தம், வாழைப்பழம் போன்ற விரைந்து செரிப்பவை. சமதளத்திலும் ஓய்விடத்திலும் கடலை, எள், முந்திரி. கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால், அதை உண்ட கையோடு ஏறினால் குமட்டல் வரும். இறக்கத்தில் செலவு குறைவு என்று உண்பதை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் சோர்ந்த கால் வழுக்குவது இறக்கத்தில்தான்.

இமயமலைப் பயணங்களுக்கான அறிவுரைகளில் உயரத்தால் பசி மந்தமாவதைப் பற்றி நிறையப் படிக்கலாம். பழனி மலையில் 2,500 மீட்டரைத் தாண்டும் இடங்கள் வந்தரவு போன்ற சில மட்டுமே என்பதால், அந்தக் கவலை இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. இங்கு பசியை மறக்கடிப்பவை குளிரும் மூடுபனியும், அட்டைக்கடிக்குப் பயந்து எங்கும் நிற்காமல் நடப்பதும்தான்.

எட்டாம் படி: உடன் வருவோரைக் கேட்டறிதல்

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் குழுவில் இருக்கிறாரா என்று பண்டம் வாங்கும் முன்பே கேட்க வேண்டும். இருந்தால் கடலையை முற்றாக விலக்கி, பொட்டுக்கடலையும் தேங்காயும் கொண்டு செய்யலாம், அவற்றுக்கும் ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், அன்றைய அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குளுக்கோஸைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறுவர்களின் கையிருப்பு குறைவு. அவர்களுக்கு அரை மணிக்கொருமுறை சிறிது தர வேண்டும்.

ஒன்பதாம் படி: ஒத்திகையும் மீதியும்

புதிய பண்டம் எதையும் நீண்ட நடையன்று முதன்முறையாக உண்ணக் கூடாது. ஒரு வாரம் முன்பு, வீட்டருகே ஏதாவது ஒரு குன்றிலோ மாடிப்படிகளிலோ வியர்க்க வியர்க்க ஒரு மணி நேரம் ஏறி இறங்கி, அந்த இளைப்போடு அதைத் தின்று பார்க்க வேண்டும். வரவேற்பறையில் சுவைத்த பல பண்டங்கள் இந்தச் சோதனையில் தோற்கும்.

நடை முடிந்து வந்த அன்றிரவே பையைக் கொட்டி, பிரிக்காத பொட்டலங்களையும் பாதி தின்று விட்டவற்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தால், அடுத்த முறைக்கான அளவு துல்லியமாகக் கிடைத்துவிடும். இனிப்பு மீந்து காரம் தீர்ந்திருந்தால் விகிதத்தை மாற்ற வேண்டும். இருப்புப் பொட்டலத்தைப் பிரிக்க நேர்ந்திருந்தால், மணிக்கணக்கைக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். மூடுபனியில் கசிந்த வெல்லத் துண்டுகளை மறுபடியும் டப்பாவில் அடைக்காமல் இரண்டொரு நாளில் வீட்டிலேயே தின்றுவிடலாம்; உலர்ந்த கடலையையும் பொட்டுக்கடலையையும் வெறும் வாணலியில் லேசாகச் சூடுபடுத்தி, ஆறவைத்து, மூடி வைக்கலாம்.